எட்டு உருப்படி

எங்கள் வீட்டில் யாரும் கொடுத்த வாக்கை மாற்றியதில்லை. நான் அந்தப் பயணம் போனதே அதற்காகத்தான். ஊர் சுற்றும் ஆசை எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

மருமகளுக்கு மலைமேல் வேலை கிடைத்திருந்தது. அவள் தண்ணீரைச் சோதிக்கிறவள். ஓடையிலிருந்து ஒரு குப்பி நீர் முகந்து கொடுத்தால், அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று மறுநாள் எழுதிக் கொடுத்துவிடுவாள். காட்டுக்குள் ஒரு சிறு ஆய்வு நிலையம். அங்கே இரண்டு வருடம் தங்க வேண்டும். தண்ணீர்ச் சோதனைப் பொறுப்பு முழுக்க அவளுடையது. என் மகன் கப்பலில் இன்ஜினியர், வருடத்தில் ஒன்பது மாதம் கடலில் இருப்பவன். ஆகவே அவள் போனால் பிள்ளைகளும் போக வேண்டும்.

மூத்தவளுக்கு நாலு வயது. வாயைத் திறந்தால் ‘ஏன்’ என்றுதான் திறப்பாள். அதனால் வீட்டில் அவள் பெயர் கேள்வி. இளையவனுக்கு ஏழு மாதம். வைத்த இடத்தில் வைத்தபடி கனமாக உட்கார்ந்திருப்பான். அவன் மூட்டை.

எங்கள் வீட்டில் தீர்ப்புச் சொல்வது என் அக்கா. இந்தப் பேச்சு வந்த அன்றைக்கும் நடுக்கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து அவள்தான் ஆரம்பித்தாள்.

“கைக்குழந்தையும் வால்குழந்தையுமா காட்டுல போய்க் குடியிருக்கப் போறியா? இதுங்களை வச்சுக்கிட்டு ஒரு பஸ் மாறத் தெரியுமா உனக்கு?”

“தெரியும் பெரிய அத்தை. வேணும்னா மாறிக் காட்டறேன்” என்றாள் மருமகள். “ரெண்டையும் கூட்டிட்டே போய் இடத்தைப் பாக்கறேன். வழியில நகரத்துல ஒருநாள் தங்கி எல்லாத்தையும் காட்டறேன். அப்புறம் மலை.”

“காட்டறியா? இதுங்களுக்கு யானைக்கும் பூனைக்கும் வித்தியாசம் தெரியாது, இதுங்களுக்குப் போய் நகரத்தைக் காட்டப் போறாளாம்!”

“பாத்தாத்தானே தெரியும்?”

அக்காவுக்கு எதிர்ப்பேச்சு பழக்கமில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

“சரி, போ. ஆனா ஒண்ணு. போற வழியில பிள்ளைங்களுக்கு ஒரு குறை வந்துச்சுன்னா, வேலைக்கு ஒத்துக்கற அந்தச் சம்மதக் கடிதத்துல கையெழுத்துப் போடாம அங்கேயே திரும்பிடணும். ஒத்துக்கறியா?”

“ஒத்துக்கறேன்.”

“சாட்சி யாரு?”

எல்லாக் கண்களும் என் பக்கம் திரும்பின. எங்கள் வீட்டுப் பெண் துணையில்லாமல் அலைந்தாள் என்று நாளைக்கு நாலு பேர் பேசக் கூடாது. நான் போகிறேன் என்றேன்.

“தினம் பகல் பன்னிரண்டு மணிக்கு போன் பண்ணுவேன். நடந்ததை நடந்தபடி சொல்லணும். கூட்டாம, குறைக்காம.”

“நான் எப்ப கூட்டிக் குறைச்சுச் சொல்லியிருக்கேன்?” என்று கேட்டேன். உண்மையில் நானும் அக்கா கட்சிதான். ஒரு நாளில் திரும்பிவிடுவோம் என்றே நினைத்திருந்தேன்.

நான் முப்பத்துநாலு வருடம் ரயில்வே பார்சல் ஆபீசில் இருந்தவன். எங்கள் தொழிலில் கூடையானாலும் கோழியானாலும் பீரோவானாலும் ஒரு உருப்படி. ஏற்றும்போது எண்ணுவோம், இறக்கும்போது எண்ணுவோம். என் காலத்தில் ஒரு உருப்படி குறைந்ததில்லை. புறப்பட்ட அன்று வாசலில் நின்று குடை முனையால் தொட்டுத் தொட்டு எண்ணினேன். பெரிய பெட்டி, மருமகளின் முதுகுப்பை, என் தோல்பை, பால் கூடை, மடக்கு வண்டி, மாற்றுத்துணிப் பை. கேள்வி ஏழு. மூட்டை எட்டு. மருமகளை எண்ணவில்லை; பெரியவர்களை எண்ணுவது மரியாதை ஆகாது.

“இந்தப் பயணம் உருப்படாது” என்றாள் அக்கா, வாசற்படியில் நின்றபடி.

“மாமா கையில எட்டு உருப்படி இருக்கே பெரிய அத்தை, எப்படி உருப்படாமப் போகும்?” என்றாள் மருமகள். எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா முன்னால் சிரிக்கக் கூடாதென்று பெட்டியைத் தூக்கிக்கொண்டேன்.

நகரம் எங்களை விரும்பி அழைக்கவில்லை. எங்கு பார்த்தாலும் படிகள். மடக்கு வண்டியை ஏற்றி இறக்கி என் இடுப்பு விட்டுப்போயிற்று. அருங்காட்சியகத்துக் காவலாளி வண்டியை உள்ளே விட மாட்டேன் என்றான். மருமகள் வாதாடவில்லை. வண்டியை அவன் நாற்காலிக்குப் பக்கத்திலேயே நிறுத்தி, “நாங்க வர்ற வரைக்கும் பத்திரமா பாத்துக்கங்க அண்ணே” என்று சொல்லிவிட்டு, மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். உள்ளே ஒரு திமிங்கலத்தின் எலும்புக்கூடு, ஒரு கூடம் முழுக்கத் தொங்கியது. கேள்வி அதன் விலா எலும்புக்கு நேர் கீழே மல்லாந்து படுத்துக்கொண்டாள். எழுப்பப் போனேன்.

“தாத்தா, நீங்களும் படுங்க. இப்ப நாம அது வயித்துக்குள்ள இருக்கோம்.”

நான் படுக்கவில்லை. ஆனால் நிமிர்ந்து பார்த்தேன். உள்ளேதான் இருந்தோம்.

பிறகு பூங்காவில் மூட்டைக்குப் பசி வந்துவிட்டது. அவன் பசி முன்னறிவிப்புக் கொடுத்து வருவதில்லை. மருமகள் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து, தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு பால் கொடுக்க ஆரம்பித்தாள். நட்ட நடுப் பகல், நாலா பக்கமும் ஆட்கள். இதற்கு ஒரு மறைவிடம் பார்த்திருக்கலாமே என்று என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் எதிர்ப் பெஞ்சில் இருந்த ஒருவர் பேப்பரை இறக்கினார். இஸ்திரி கலையாத சட்டை, என் வயதுதான் இருக்கும்.

“இதுக்கெல்லாம் வீடு வாசல் இல்லையா? பொது இடம் சார் இது.”

அவர் சொன்னது நான் நினைத்ததுதான். ஆனால் எங்கள் வீட்டுப் பெண்ணைப் பற்றி நான் அப்படி நினைக்கலாம். தெருவில் போகிறவர் எப்படிச் சொல்வது?

“பொது இடம்னுதான் உட்கார்ந்திருக்கோம்” என்றேன். “உங்க வீட்டு ஹால்னா கேட்டுட்டு உட்கார்ந்திருப்போம்.”

“நான் நல்லதுக்குச் சொன்னேன்.”

“எங்க பேரன் பசிக்கு நீங்க நல்லது பாக்க வேணாம். பேப்பரைப் பாருங்க.”

அவர் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனார். மருமகள் தலை குனிந்திருந்தாள். அழுகிறாளோ என்று நினைத்தேன். தோள் குலுங்கியது சிரிப்பில்.

“மாமா, உங்களுக்கு இப்படியெல்லாம் பேச வருமா?”

“வீட்டு மானம்னு வந்தா வரும்.”

அன்றைக்குப் பன்னிரண்டு மணி போனில் அக்காவிடம் குறை ஒன்றுமில்லை என்றேன். உண்மை. மறுநாள் விடிந்தபோது, இவள் மலை ஏறிவிட்டால் நன்றாயிருக்கும் என்று என் மனம் கட்சி மாறியிருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

அன்று காலை பதினொன்றரைக்கு மலையடிவாரம் போகும் ரயில். பதினொன்றுக்கே நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டோம். பெஞ்சின் மறு ஓரத்தில் கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி, காலடியில் சாம்பல் நிறப் பையோடு இருந்தாள். மூட்டைக்குத் துணி மாற்ற வேண்டியிருந்தது. மருமகள் அவனையும் மாற்றுத்துணிப் பையையும் தூக்கிக்கொண்டாள்.

“கேள்வியைப் பாத்துக்கங்க மாமா.”

“பாத்துக்கறேன், நீ போய்ட்டு வா.”

நான் பார்த்துக்கொண்டது என்ன? நிலையக் கடிகாரத்தை. என் கைக்கடிகாரத்தை அதோடு ஒப்பிட நாலு அடி தள்ளிப் போய் நின்றேன். நிலையக் கடிகாரம் ஒரு நிமிடம் பின்தங்கியிருந்தது. என் காலத்தில் இப்படி நடக்குமா என்று எனக்குள் ஒரு பெருமை. அந்தப் பெருமையில் கொஞ்சம் அதிகமாகவே நின்றுவிட்டேன் போலிருக்கிறது. திரும்பி வந்தபோது ரயில் உள்ளே நுழைந்துகொண்டிருந்தது. மருமகளும் ஓடி வந்தாள். கூட்டம், தள்ளுமுள்ளு. நான் குனிந்து, குடை முனையால் தொட்டு, ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். எட்டு சரியாக வந்தது.

“எட்டும் இருக்கு, ஏறு!”

அவள் மூட்டையோடு ஏறினாள். புண்ணியவான் ஒருவர் சாமான்களை வாங்கி உள்ளே அடுக்கினார். கடைசியாக நான் ஏறி, வியர்வையைத் துடைத்தேன்.

“மாமா, கேள்வி எங்க?”

“எட்டும் வந்தாச்சும்மா.”

“மாமா, கேள்வி எங்க?”

இரண்டாவது முறை அவள் அதைக் கத்தினாள். நான் இருக்கையைப் பார்த்தேன். பெரிய பெட்டி இருந்தது, கூடை இருந்தது, வண்டி இருந்தது. நடுவில் எங்களுடையதல்லாத ஒரு சாம்பல் நிறப் பை இருந்தது. பச்சை விளக்கு விழுந்து விசில் ஊதிவிட்டார்கள். மருமகள் மூட்டையை அணைத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டாள். நான் சாமான்களைப் பார்த்தேன், ஒரே ஒரு நொடி. பார்சல்காரனின் புத்தி. பிறகு குடையையும் விட்டுவிட்டு இறங்கினேன். ரயில் எங்கள் உடைமை அத்தனையையும் ஏற்றிக்கொண்டு போயிற்று.

பதினோரு நிமிடம். நடைமேடையில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஓடினேன். தண்டவாளத்தைக் குனிந்து பார்த்தேன். அப்படிப் பார்த்ததை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஒலிபெருக்கியில் நீல கவுன், நாலு வயது என்று சொன்னார்கள். மருமகள் ஒவ்வொரு ஆளாய் நிறுத்திக் கேட்டாள். அவள் குரல் உடையவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அப்போது மேம்பாலப் படிகளில் அந்தக் கண்ணாடிக்காரப் பெண்மணி இறங்கி வந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து நிதானமாக, கேள்வி.

“தாத்தா! இந்த ஆன்ட்டி அவங்க உருப்படியை விட்டுட்டுப் போய்ட்டாங்க! நான் ஓடிப்போய்ச் சொன்னேன்! அவங்களுக்கு எண்ணவே தெரியலை!”

பெண்மணிக்கு மூச்சு வாங்கியது. “மூணாவது நடைமேடைக்கே வந்துட்டா சார். என் வண்டி வந்துடுச்சுன்னு அவசரத்துல ஓடினேன். தைரியமான பொண்ணு. சரி, என் பை எங்க?”

“ரயில்ல போயிட்டிருக்கு” என்றேன்.

“யார் ஏத்தினது?”

“நான்தான்.”

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். ரயில் நிலைய அதிகாரியிடம் போய், நான் யார் என்பதைச் சொல்லி, அடுத்த நிலையத்துக்குத் தகவல் அனுப்ப வைத்தேன். சாமான்கள் ஏழையும் அங்கே இறக்கி வைப்பார்கள். அது எனக்குத் தெரிந்த வேலை. மளமளவென்று எழுதிக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது மருமகள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒன்று, அணைப்பில் ஒன்று. கேள்வியின் உச்சந்தலையில் முகத்தைப் புதைத்திருந்தாள். அடிக்கவில்லை, திட்டவில்லை.

“மாமா, மணி பன்னிரண்டு ஆகப் போகுது” என்றாள் நிமிராமலேயே. “பெரிய அத்தை கூப்பிடுவாங்க. நடந்ததைச் சொல்லிடுங்க. தப்பு என்னுதுதான், இவளையும் கூடவே கூட்டிட்டுப் போயிருக்கணும். ஒத்துக்கிட்டபடி திரும்பிடலாம்.”

நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் போதும். எண்ணிக்கை எப்படிச் சரியாக வந்தது என்று அவள் யோசிக்கவே இல்லை. பழி தானாகவே அவள் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. என் முப்பத்துநாலு வருடப் பெயர் அப்படியே இருந்திருக்கும். ஒரு வேலை போகும், அவ்வளவுதான், அதுவும் என்னுடையதல்ல.

“எந்திரி” என்றேன்.

“மாமா?”

“எங்கிட்ட ஒப்படைச்சுட்டுத்தானே போனே? ஒப்படைச்ச சரக்கு தொலைஞ்சா பார்சல் ஆபீஸ்தான் பதில் சொல்லணும், அனுப்பினவங்க இல்லை. நான் கடிகாரம் பாக்கப் போனேன். வந்து எண்ணினப்போ அந்தப் பையை ஏழுன்னு எண்ணிட்டேன்.”

அவள் தலை நிமிர்ந்தது.

“பையையா எம் பொண்ணுன்னு எண்ணினீங்க?”

“ஆமா.”

“முகத்தைப் பாக்க மாட்டீங்களா மாமா நீங்க?”

“பாக்கலை.”

அந்தப் பார்வையை நான் தாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. கல்யாணமாகி வந்த இந்த ஆறு வருடத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. நான் கண்ணை விலக்கவில்லை. விலக்கினால் சொன்னதற்கு அர்த்தமில்லை. கடைசியில் அவளே குழந்தை பக்கம் திரும்பிக்கொண்டாள். போன் அடித்தது.

“என்ன, ஏதாவது குறை உண்டா?” என்றாள் அக்கா.

“உண்டு. கேள்வி பதினோரு நிமிஷம் காணாமப் போயிட்டா. இப்ப பத்திரமா இருக்கா.”

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. “நான் சொல்லலை? நான் சொல்லலை? திரும்பி வரச் சொல்லு. கையெழுத்தும் வேணாம் ஒண்ணும் வேணாம்.”

“தொலைச்சது நான்.”

“என்ன?”

“அவ எங்கிட்ட விட்டுட்டுப் போனா. நான் தொலைச்சேன்.”

“பொய் சொல்லாதடா. அவளுக்காகப் பேசறே. சாட்சியா அனுப்பினா வக்கீலா மாறிட்டியா?”

“வக்கீல் இல்லக்கா, குற்றவாளி. வக்கீலுக்கு வேலையே இல்லை, நானே ஒத்துக்கறேன்.”

“யார் கையில தொலைஞ்சா என்ன? குறை குறைதான். பேசினது பேசினபடி நடக்கணும்.”

“நீ பேசினது இதுங்களை வச்சுக்கிட்டு அவளுக்குப் போகத் தெரியுமான்னு. அவளுக்குத் தெரியுது. ரெண்டு நாளாப் பாக்கறேன். தெரியாதது எனக்குத்தான். எழுபது வயசுல ஒரு பிள்ளையைப் பாத்துக்கத் தெரியாத எங்கிட்டதான் நாம குடும்ப மானத்தைக் குடுத்து அனுப்பியிருக்கோம்.”

“அப்ப நீ திரும்பி வா.”

“வர மாட்டேன். அவ மேல போறா, நானும் போறேன்.”

“நாளைக்கு நாலு பேர் கேட்டா நான் என்னடா சொல்றது?”

“கேக்கறவங்களை எங்கிட்ட அனுப்பு.”

அக்கா பேச்சை முடிக்குமுன் நான் போனை வைத்தது என் வாழ்நாளில் அதுவே முதல் தடவை. மருமகள் எழுந்து நின்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மூட்டையை என் கையில் கொடுத்துவிட்டு, “இடுப்புக்குக் கை குடுத்துத் தூக்குங்க” என்றாள். கேள்வியின் கையைத் தானே பிடித்துக்கொண்டாள். என்னிடம் தரவில்லை. அது நியாயம்.

அடுத்த ரயிலில் போய்ச் சாமான்களை மீட்டோம். கண்ணாடிக்காரப் பெண்மணியும் கூடவே வந்து தன் பையை வாங்கி, ஜிப்பைத் திறந்து உள்ளே எல்லாம் இருக்கிறதா என்று என் எதிரிலேயே பார்த்தாள். பார்க்கட்டும். அங்கிருந்து மலைக்குப் பஸ். ஒவ்வொரு வளைவிலும் கேள்விக்குக் குமட்டியது. மூட்டை என் சட்டை முழுக்கப் பாலைக் கக்கினான். முன் இருக்கைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு, “சின்னப் பிள்ளைங்களை எதுக்கு இவ்வளவு தூரம் இழுத்துட்டு வர்றீங்க?” என்றார். மருமகளும் நானும் ஒரே நேரத்தில் “மலை பாக்க” என்றோம்.

ஆய்வு நிலையம் என்பது ஓட்டுக்கூரை போட்ட மூன்று அறைகள். ஓடை பின்வாசலுக்கே வந்து போகிறது. மரங்களுக்கு நடுவே மேகம் தரையில் நடந்துகொண்டிருந்தது. கேள்வி ஓடைக்கரையில் குந்தி, தண்ணீரில் கை விட்டு உடனே இழுத்துக்கொண்டாள். பிறகு மறுபடி விட்டாள். ஐந்து நிமிடம் ஒரு ‘ஏன்’ கூட இல்லை. அன்று மாலை முழுக்க நான் அவள் முகத்தைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

ஆய்வு நிலையத்து அதிகாரி நல்ல மனிதர். சம்மதக் கடிதத்தை மேஜையில் விரித்து வைத்தார். ஆனால் பேனாவைக் கொடுக்கத் தயங்கினார்.

“யோசிச்சுக்கம்மா. தனி ஆளுன்னா பரவாயில்லை. பிள்ளைங்களோட இங்க கஷ்டம். குளிர், மழை. போதாததுக்கு அட்டை வேற. செருப்புக்குள்ள புகுந்து ரத்தம் உறிஞ்சும்.”

மூட்டை அவள் இடுப்பிலிருந்து எட்டி, மேஜைமேல் இருந்த வேறொரு காகிதத்தைக் கசக்கிக்கொண்டிருந்தான்.

“பெரியவங்களை உறிஞ்சாதா சார்?” என்றாள் மருமகள்.

அவர் பதில் யோசிப்பதற்குள் அவருடைய சட்டைப் பையிலிருந்து பேனாவைத் தானே எடுத்து, நின்றபடியே கையெழுத்துப் போட்டாள்.